உருவகமா, உள்ளுறையா?

அளவெட்டியிலும் அதனைச் சூழ்ந்த வலிகாமத்து ஊர்களிலும் கோயில் மண்டபத்திலே கந்தபுராணம் படிக்கப்படுங்கால், ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசித்து நிறுத்த, அருகிருப்பவர் அதனைச் சொற்சொல்லாகப் பிரித்துப் பயன் சொல்ல, சற்று முன்வரை தோட்டத்து வெங்காயத்தின் விலையைப் பேசிக்கொண்டிருந்த கமக்காரரும் சால்வையை இடுப்பிற் கட்டியபடி செவிசாய்த்திருக்கும் காட்சியைக் கண்டவர்கள், பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று அழைத்ததன் பொருத்தத்தைத் தாமே உணர்வர். உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், அவையடக்கம் முதலியவற்றை ஏட்டிற் கல்லாதவர்க்கும் செவிவழியே கற்பித்த பள்ளிக்கூடம் அதுவே.

இக்கல்வி முற்றிய இடத்திலே ஒரு சங்கடம் பிறக்கின்றது. சூரபன்மன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை, வேல் ஞானசத்தி என்று பயன் சொல்பவர் தத்துவார்த்தம் விரித்த மாத்திரத்தில், "அப்படியானால் போர் நடக்கவில்லையா? நடவாத போருக்கு ஆறு நாள் உபவாசம் ஏன்?" என்று வகுப்பில் அணியிலக்கணம் படித்த இளைஞன் கேட்கின்றான்; இந்த இலக்கணமெல்லாம் பக்தியைக் கெடுக்க வந்தவை என்று பெரியவர் முகஞ்சுளிக்கின்றார். இருவர் கவலையும் மெய்யானது. கதைக்கு உட்பொருள் கண்டால் கதை பொய்யாகிவிடும் என்று கொள்ளும் ஒரே இடத்தில்தான் இருவரும் பிழைபடுகின்றனர் என்பது என் துணிபு.

முதலில் பெரியவருக்கு. கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிக் குமரகோட்டத்தில் இந்நூலை அரங்கேற்றியபொழுது, முருகப்பெருமானே எடுத்துக்கொடுத்ததாகப் போற்றப்படும் தொடக்கத்தின் புணர்ச்சிக்கு விதி எங்கே என்று அவையோர் தடை எழுப்பினர் என்றும், வீரசோழியத்தில் விதி காட்டப்பட்ட பின்னரே நூல் மேற்சென்றது என்றும் மரபு கூறுகின்றது. இறைவன் வாக்கையே இலக்கணத்தால் உரைத்துப் பார்த்த அந்த அவையை நாத்திகர் அவை என்று எவரும் இகழ்ந்ததில்லை. பெரியபுராணத்துக்குச் சூசனம் எழுதிக் கதையுள் நின்ற கருத்தை வெளிப்படுத்திய ஆறுமுக நாவலரின் பக்தியை ஐயுற்றவரும் இலர்.

இனி இளைஞனுக்கு. அவன் உருவகம் என்னும் ஒரே பெயரைக் கற்றதோடு நின்றுவிட்டான். முகத்தாமரை என்று சொல்லியவுடன் தாமரை தன் குளத்தைத் துறந்து முகத்தோடு ஒன்றிவிடுகின்றது. அப்பூவைத் தேடி நாம் நீர்க்கரைக்குப் போவதில்லை. உள்ளுறையின் இயல்பு வேறு. அங்கே எருமை உழக்கிய பொய்கையும் சிதைந்த மலரும் தம்மியல்பிற் குறைவின்றித் தாமாகவே நின்றுகொண்டு, தலைவனின் ஒழுக்கத்தையும் உணர்த்துகின்றன. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களையே தொல்காப்பியர் உள்ளுறைக்கு நிலனாக வகுத்தாராதலின், அகத்திணைக்குரிய அப்பெயரைப் புராணத்துக்கு விரித்து வழங்குகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விரித்து வழங்குவதற்குத் தக்க காரணம் உண்டு.

சூரன்போர் நாளன்று வீதியிலே தோளிற் சுமந்து ஆட்டப்படும் மரச் சூரனை நினையுங்கள். யானைமுகம் கழற்றப்படுகின்றது, சிங்கமுகம் பூட்டப்படுகின்றது, அதுவும் போய்ச் சூரன் முகமும், பின்னர் மாமரமும், ஈற்றில் சேவலும் மயிலும் வருகின்றன. தம்பியர் இருவரும் மாள, சூரன் மட்டும் மாளாது கொடியும் ஊர்தியுமாகின்றான். ஆணவமோ அனாதி, அது முத்தியிலும் அழிவதில்லை, சத்தி மடங்கி அடங்கி நிற்கும் என்பது சைவசித்தாந்தம். சூரன் மாண்டொழிந்தான் என்று கதையின் முடிவை மாற்றினால் அக்கருத்தே பிறழும். ஆகவே இக்கதை, உள்ளுறையிற் பொய்கைபோலத் தானும் குறைவின்றி நிற்பது; கருத்தை எடுத்துக்கொண்டபின் எறிந்துவிடத்தக்க உமியன்று. தண்டியலங்காரம் பொருளணிகள் 35இல் இறுதியாக வைத்த பாவிகம், தனிச் செய்யுளிற் காணப்படாது, காப்பியம் முழுவதையும் நோக்கியே உணரப்படுவது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட கந்தபுராணத்தின் பாவிகமும் அவ்வாறே, ஒரு பாத்திரத்துக்கு ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுவதால் அகப்படாது.

இலக்கண அறிவு பக்தியைக் கெடுக்காது என்பதனைத் தவில்மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த அளவெட்டியிலே விளக்குதல் அரிதன்று: தாளக் கணக்கு அறியாதவனும் அவர் வாசிப்பில் மெய்ம்மறந்தான்; அறிந்தவன் அதனினும் மிகுதியாக மெய்ம்மறந்தான்.

ஆதலின், பயன் சொல்லும் பெரியோர் தத்துவார்த்தத்தோடு அணியின் பெயரையும் தயங்காது சொல்லுவார்களாக. ஆசிரியர்கள் அணியிலக்கணத்தைப் பரீட்சையோடு முடித்துவிடாது, மாணவரைப் புராணப்படிப்பு நடக்கும் மண்டபத்துக்கு அழைத்துவந்து, வாசிப்பவரின் அருகிலேயே அமர்த்துவார்களாக.