பாகம் பிரியலாம், பாசம் பிரியலாமா?



விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நான் ஜெபிக்கப் போகிற வீடுகளில், அப்பா அடக்கத்தில் சேர்ந்து அழுத பிள்ளைகள், பாகப்பிரிவினை வந்ததும் வரப்பில் முகம் திருப்பிக்கொண்டு போகிறார்கள். "தங்கச்சிக்குத்தான் நகை போட்டு அனுப்பியாச்சே, நிலம் எதுக்கு?" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

வேதம் என்ன சொல்லுது? யோபு தன் குமாரத்திகளுக்கும் அவர்கள் சகோதரரோடு பங்கு கொடுத்தான் (யோபு 42). நாட்டுச் சட்டமும் அதே வழிதான். கிறிஸ்தவத் தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், மூன்றில் ஒரு பங்கு தாய்க்கு. மிச்சம் மகனுக்கும் மகளுக்கும் சமம். இது 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். இந்த உரிமைக்காகக் கேரளாவில் மேரி ராய் அம்மா சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. 1986-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நம்ம சபைச் சகோதரி கோர்ட் படி ஏறித்தான் வாங்கணுமா?

"கொடுத்தா நமக்குக் குறைஞ்சிடுமே" என்கிறீர்களா? ஆபிராம் மூத்தவர். ஆனாலும் லோத்துவை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். லோத்து தண்ணீர் பாயும் பூமியை எடுத்தான். ஆபிராம் குறைந்துபோனாரா? அதன் பிறகுதான் கர்த்தர் அவரைக் கண்ணெடுத்துப் பார்க்கச் சொல்லி, தேசத்தையே வாக்குப்பண்ணினார் (ஆதியாகமம் 13).

அண்ணன்மாரே, சர்வேயர் கல் நடுவதற்கு முன் தங்கச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சேர்ந்து முழங்கால் போடுங்க. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னவர் நம் ஆண்டவர் (மத்தேயு 5). அடுத்த இராப்போஜனத்துக்கு முன் அதைச் செய்வோமா? கர்த்தர் உங்கள் குடும்பங்களைக் கட்டுவாராக. ஆமென், அல்லேலூயா!