நான்கே ஆட்டங்கள்

விக்டோரியக் கால்பந்து லீக்கில் ஆடிய முதல் சீன வம்சாவளி வீரராக அறியப்படுபவர் வாலி கூச்சூ. மெல்போர்னின் கார்ல்டன் அணிக்காக 1908ஆம் ஆண்டு களமிறங்கினார். நான்கே ஆட்டங்கள், அத்துடன் லீக்கில் அவருடைய கணக்கு முடிந்தது.

அவருக்கு இடம் கிடைத்தது லேசுப்பட்ட அணியில் அல்ல. ஜாக் வோரலின் பயிற்சியில் கார்ல்டன் 1906, 1907, 1908 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றது. 1908 இறுதியாட்டத்தில் எசென்டனை 35–26 என்ற புள்ளிக்கணக்கில் வீழ்த்தியது. இந்த லீக்கில் ஆடப்பட்ட ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் அணிக்கு 18 பேர். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடு 1930இல்தான் வந்தது. அதனால் அந்நாளில் 18 பேருக்குள் வராதவர், எவ்வளவு திறமை இருந்தாலும், அன்றைக்கு வெறும் பார்வையாளர்தான்.

காலமும் அவருக்குச் சாதகமாக இல்லை. 1850களில் தங்கம் தேடி ஆயிரக்கணக்கான சீனர்கள் விக்டோரியாவுக்கு வந்தார்கள். அவர்களைப் போன்றோர் மேலும் வராமல் தடுக்க, 1901இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அதிகாரி கேட்டால், வந்திறங்குபவர் அவர் சொல்லச் சொல்ல, ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை எழுதிக்காட்ட வேண்டியிருந்தது. எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். தேறவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த தேர்வு அது. இந்த ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கைக்குப் பலத்த அடி விழுந்துவிட்டதாகச் சொல்லி, கூச்சூவைச் சேர்த்ததைக் கண்டித்து, கார்ல்டன் உறுப்பினர் ஒருவர் தம் உறுப்பினர் சீட்டையே திருப்பி அனுப்பினார்.

மூன்று நான்கு ஆட்டங்களோடு நின்றுபோன வெள்ளையர்கள் அந்த லீக்கில் ஏராளம். சரியாக ஆடினால் இருப்பார்கள், இல்லாவிட்டால் போவார்கள். அவர்கள் பிறப்பை யாரும் துருவவில்லை. கூச்சூவுக்கோ களத்தில் கால் வைத்ததே சர்ச்சையாகிவிட்டது. அவர் பந்தைத் தவறவிட்டால், தவறவிட்டது அவர் மட்டும் என்று விட்டுவிடும் காலமல்ல அது.

ஒதுக்கப்பட்டவர்களில் அபாரத் திறமை உள்ள ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டு, நியாயம் செய்துவிட்டதாகச் சமூகம் தன்னை மெச்சிக்கொள்வது உண்டு. அது பாதி நியாயம்தான். மேதையை வரவேற்பதில் வரவேற்பவருக்கும் லாபம் இருக்கிறது. சுமாராக ஆடுபவரும் உள்ளே வரலாம், தோற்கலாம், மறக்கப்படலாம், அதற்கு அவருடைய இனம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நிலை வரும்போதுதான் சமத்துவம் முழுமை பெறும்.