பணியாளரின் நோய்: மேலாளரிடம் உள்ள அமானிதம்

 



அமானிதம் என்றதும் நம் மனதில் வருவது பணம், நகை, வீட்டுப் பத்திரம் இவைதான். ஹஜ்ஜுக்குப் போகிறவர் நம்மிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனால் அதைத் திறந்து பார்க்கவும் பயப்படுவோம். ஆனால் கடை நடத்துபவர், கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவர், பள்ளிக்கூடத் தாளாளர், மதரஸா நிர்வாகி என்று நான்கு பேரை வைத்து வேலை வாங்குகிற எல்லோரிடமும் இன்னொரு அமானிதம் அடிக்கடி வந்து சேருகிறது. அது பணியாளரின் நோய். லீவு லெட்டரில் ஒரு வரியாக வரும். மருத்துவச் சான்றிதழில் வரும். ஆபரேஷனுக்கு முன்பணம் கேட்கும்போது தாழ்ந்த குரலில் வரும்.

அவர் அதை உங்களிடம் ஏன் சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் நண்பர் என்பதால் சொல்லவில்லை. லீவு உங்கள் கையில் இருக்கிறது, சம்பளம் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் சொன்னார். சொந்த அண்ணனிடம் மறைத்ததைக்கூட உங்களிடம் சொல்லியிருப்பார். ஒரு மனிதர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தால் அந்தச் செய்தி அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. "இதை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவர் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. அந்தப் பார்வையே போதும். உங்கள் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறாரே, அதுவும் அந்தப் பார்வைதான்.

ஃபிக்ஹு நூல்களில் 'வதீஅத்' என்று ஒரு பாடம் உண்டு. ஒருவர் பாதுகாக்கக் கொடுத்த பொருளைப் பற்றிய சட்டங்கள். உங்களிடம் ஒரு வளையலைக் கொடுத்து வைத்தார்கள். உங்கள் வீட்டுப் பெண் அதை ஒரு நாள் கல்யாணத்திற்குப் போட்டுக்கொண்டு போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். வளையலுக்கு ஒரு கீறலும் இல்லை. இருந்தாலும் அது அமானிதத்தில் வரம்பு மீறியதுதான், ஏனென்றால் கொடுத்தது பாதுகாக்க, போட்டுக்கொள்ள அல்ல. நோய்ச் செய்தியும் இப்படித்தான். லீவு கொடுப்பதற்காக வந்த செய்தியை டீ குடிக்கும்போது பேச்சுக்கு எடுத்தால், கொடுத்தவர் அனுமதிக்காத வேலைக்கு அதைப் பயன்படுத்திவிட்டோம். பொருள் தொலைந்தால் ஈடு கொடுக்கலாம். வாயை விட்டுப் போன செய்திக்கு எதை ஈடாகக் கொடுப்பது?

இதிலே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நம் ஹனஃபி மத்ஹபில், அமானிதப் பொருளைத் தன்னோடு வாழும் குடும்பத்தார் மூலமும் பாதுகாக்கலாம். மனைவியிடம் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்லலாம். ரகசியத்திற்கு அந்தச் சலுகை இல்லை. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வீட்டுக்கு வரத் தாமதமானது. தாயார் உம்மு சுலைம் (ரலி) என்ன வேலை என்று கேட்டபோது, அது ரகசியம் என்று மகன் சொல்லிவிட்டார். அந்தத் தாய் கோபப்படவில்லை. அதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றார்கள். (முஸ்லிம்) பெற்ற தாய்க்கே இல்லையென்றால், இரவுச் சாப்பாட்டின்போது "நம்ம கம்பெனியில ஒரு பொண்ணுக்கு..." என்று மனைவியிடம் தொடங்குவதற்கு என்ன நியாயம்?

"நான் பொய் சொல்லவில்லையே, உள்ளதைத்தானே சொன்னேன்" என்பார்கள். ஸஹாபாக்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால்தான் அது புறம், இல்லாததைச் சொன்னால் அது அவதூறு என்று நபியவர்கள் விளக்கிவிட்டார்கள். (முஸ்லிம்) ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவை ஆயிஷா (ரலி) அவர்கள் குறிப்பாகச் சொன்னபோது, கடல் நீரில் கலந்தால் கடலையே மாற்றிவிடும் சொல் அது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். (அபூதாவூத், திர்மிதி) எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற உயரத்தைப் பற்றிய பேச்சுக்கே இந்தக் கண்டிப்பு. கண்ணுக்குத் தெரியாமல் உடலுக்குள் இருக்கும் நோயைப் பற்றி என்ன சொல்வது!

சகோதரர்களே, எனக்கு மிகவும் பிடித்த ஒரு ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கறுப்பு நிறப் பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். எனக்கு வலிப்பு வருகிறது, அப்போது என் ஆடை விலகிவிடுகிறது, துஆ செய்யுங்கள் என்றார். பொறுமையாக இருந்தால் சொர்க்கம், விரும்பினால் குணமாக துஆ செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டு வழிகளைக் காட்டினார்கள். அவர் பொறுமையையே தேர்ந்தெடுத்தார். ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆடை விலகாமல் இருக்க துஆ செய்யுங்கள் என்றார். நபியவர்களும் செய்தார்கள்.

அந்தப் பெண்மணி நோயைச் சுமக்கத் தயாராக இருந்தார். நாலு பேர் முன்னால் திறந்து கிடப்பதைச் சுமக்கத் தயாராக இல்லை. மருந்தை விட மறைப்பு பெரிதாகத் தெரிகிற நேரம் நோயாளிக்கு உண்டு. சொர்க்கத்திற்கு நன்மாராயம் பெற்றவருக்கே அப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மார்பில் கட்டி, கர்ப்பப்பை எடுத்தது, கருக்கலைந்தது, மூலம், மனநோய்க்கு மாத்திரை. இவற்றை உடையவர்கள் கேட்பதெல்லாம் அந்த மறைப்பைத்தான்.

இதே வலிப்பு நோய் விஷயமாக ஒரு தகப்பனார் அஸருக்குப் பிறகு என்னிடம் வந்தார். ஊரையும் தொழிலையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்த பயானே அந்தத் தவறைச் செய்ததாகிவிடும். மகள் வேலை செய்யும் இடத்தில் இயந்திரம் இருக்கிறது. ஆபத்து வரக்கூடாது என்று நேர்மையாக மேலதிகாரியிடம் நோயைச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் இடம் மாற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஏன் இடம் மாற்றினீர்கள் என்று மற்றவர்கள் கேட்டபோது காரணத்தையும் சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் தெரு முழுக்கப் பரவியது. "ஹஜ்ரத், சொல்லாமலே இருந்திருந்தால் தேவலையா?" என்று அந்தத் தகப்பனார் கேட்டார். சொன்னது சரிதான் என்றேன். ஆனால் அவர் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அடுத்து வலிப்பு வருகிற பெண் அந்த மேலதிகாரியிடம் சொல்வாளா? மறைத்துக்கொண்டு அந்த இயந்திரத்தின் முன்னாலேயே நிற்பாள். ஒருவரின் ரகசியத்தை உடைத்தால் மற்ற எல்லோருடைய பாதுகாப்பும் சேர்ந்து உடைகிறது.

அப்படியானால் யாரிடமும் எதையும் சொல்லவே கூடாதா? அப்படி இல்லை. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, முஆவியா (ரலி) வசதியற்றவர், அபூ ஜஹ்ம் (ரலி) தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபியவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். (முஸ்லிம்) அதை முடிவெடுக்க வேண்டிய அந்தப் பெண்ணிடம், அவர் கேட்டபோது, தேவையான அளவுக்குச் சொன்னார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள், சுருக்கமாகச் சொல்லியே காரியம் முடியுமென்றால் அதற்கு மேல் விவரிக்கக் கூடாது என்கிறார்கள். வலிப்பு வந்தால் ஓடிவந்து தாங்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் ஒருவர்தான். அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு அவரிடம் சொல்லலாம். மற்றவர்கள் கேட்டால் "நிர்வாகக் காரணம்" என்று சொல்லி நிறுத்தலாம். அது பொய்யும் அல்ல. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தால், "இதையெல்லாம் பெண் வீட்டாரிடமே மனம் விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்" என்று அனுப்புங்கள். நிக்காஹுக்கு முன் சொல்ல வேண்டிய பொறுப்பு பெண் வீட்டாருக்கு உண்டு. மேலாளர் அவர்களை முந்திக்கொள்ளக் கூடாது.

தொற்றுநோயிலும் இதே அளவுகோல்தான். காசநோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012 முதல் இருக்கிறது. மருத்துவமனை சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கும். கூட வேலை செய்பவர்களுக்குப் பரிசோதனை தேவைப்பட்டால் அதையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நோட்டீஸ் போர்டுக்கு அங்கே வேலை இல்லை. எச்.ஐ.வி. விஷயத்தில் நம் நாட்டில் 2017ல் தனிச் சட்டமே வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதமின்றி ஒருவரின் தொற்றை வெளியிடுவதையும், அதைக் காரணம் காட்டிப் பாகுபாடாக வேலையை விட்டு நீக்குவதையும் அது தடுக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்தாலும் நல்லதே. நாம் அதற்கு மேலும் ஒருவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இப்போது பல இடங்களில் லீவு கேட்பதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்கள். காரணத்தோடு அதில் போட வேண்டுமாம். ஐம்பது ஆண்கள் இருக்கிற குரூப்பில் ஒரு சகோதரி தனக்கு என்ன ஆபரேஷன் என்று எழுத வேண்டும்! இங்கே மேலாளர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவள் கையாலேயே அவள் திரையை விலக்க வைத்திருக்கிறார். இதை வேறு கணக்கில் சேர்ப்பதா? இன்றே அந்த வழக்கத்தை நிறுத்துங்கள். குரூப்பில் "இன்று லீவு" என்பது போதும். காரணம் உங்களுக்குத் தனியாக வரட்டும். சான்றிதழ்களை மேசை மேல் விரித்துப் போடாமல் பூட்டி வையுங்கள்.

"நோயாளியைப் பார்க்கப் போவது சுன்னத்தாயிற்றே, சொன்னால்தானே போக முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பார்க்கப் போகலாம். என்ன உடம்பு என்று தெரிய வேண்டியதில்லை. அதுவும் அவருக்கு விருப்பமா என்று கேட்டுவிட்டு. சிகிச்சைக்குப் பணம் திரட்டுவதிலும் அப்படியே. "உங்களுக்காக நாலு பேரிடம் கேட்கலாமா? என்னவென்று சொல்லட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். நல்ல காரியம் செய்கிறோம் என்ற வேகத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டை எல்லா குரூப்புக்கும் அனுப்பிவிட்டு, அவர் குணமாகி வந்து நிற்கும்போது ஊரே அவரை அந்த ரிப்போர்ட்டாகப் பார்க்க வைத்துவிடுகிறோம்.

இன்று தொழுகைக்குப் பின் துஆவுக்காகச் சீட்டு கொடுத்திருக்கிறீர்கள். சிலர் நோயின் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் வாசிக்கப் போவதில்லை. பெயர் வேண்டாம் என்றால் பெயரையும் வாசிக்க மாட்டேன். யாருக்கு என்ன என்பது ரப்புக்குத் தெரியும். அவன் அவர்கள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.