வழியின் கடமையும் விழியின் கடமையும்

ஊர் காணப் புறப்படுவது நல்லதொரு செயலே. பூமியில் சுற்றித் திரிந்து படைப்பின் விந்தையைச் சிந்திக்குமாறு திருமறையே நம்மைத் தூண்டுகின்றது. ஆயினும், காணச் செல்பவனுக்குக் காணப்படுவோர்பால் கடமை ஏதும் உண்டா? தியாகராய நகரில் தனியே வண்டியெடுத்து, மயிலாப்பூர், சாந்தோம் வழியே அடையாற்றைக் கடந்து, ஊரூர்க் குப்பம்வரை ஒரே பகலில் சுற்றி வரும் நம் இளைஞர்கள் இக்கேள்வியை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரபு மொழியில் பயணத்திற்கு 'ஸஃபர்' என்று பெயர். மறைந்ததை வெளிப்படுத்துதல் எனும் பொருளும் அவ்வேர்ச்சொல்லுக்கு உண்டு. மனிதனின் குணத்தைத் திரை விலக்கிக் காட்டுவதாலேயே அப்பெயர் வந்தது என்பர் முன்னோர். உடன் வருவோர் இருப்பின், அவர் முகத்துக்காகவேனும் ஒழுங்காக நடந்து கொள்வோம். தனியே செல்பவனுக்கு அல்லாஹ்வே கண்காணி.

படிப்பினைக்கு 'இப்ரத்' என்று பெயர். கடந்து செல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள். கண்டதிலிருந்து காணாததற்குக் கடப்பதே படிப்பினை. எலியட்ஸ் கடற்கரையில் வெண்ணிற நினைவுச் சின்னம் ஒன்று நிற்கின்றது. கடலில் மூழ்கியவரைக் காக்க முனைந்து 1930ஆம் ஆண்டு தம் உயிரை நீத்த டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவாக எழுந்தது அது. அதன் முன்னின்று படமெடுப்போருள் அத்தியாகத்தை நினைப்போர் எத்தனை பேர்? அடையாற்று முகத்துவாரத்தில் முறிந்து நிற்கும் பாலமும் அத்தகையதே. 1967இல் மீனவர் போக்குவரத்துக்காகக் கட்டப்பெற்று, 1977இல் உடைந்து போயிற்று. காண வருவோருக்கு அது மாலை நேரத்து அழகு. மீனவருக்கோ அறுந்துபோன வழி.

இனி, குப்பத்துக்கு வருவோம். அங்கே மணல்வெளிதான் முற்றம். வலை பழுது பார்ப்பதும், கருவாடு உலர்த்துவதும், பிள்ளைகள் உறங்குவதும் அங்கேதான். பிறர் இல்லத்தில் ஸலாம் கூறி, அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்பது ஸூரத்துந் நூர் கற்பிக்கும் ஒழுக்கம். அவ்வனுமதி பார்வையின் பொருட்டே ஏற்பட்டதென நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். முற்றத்துக்குக் கதவில்லை என்பதால் அவ்வொழுக்கம் நீங்கிவிடுமா?

"கடற்கரை பொதுவிடமாயிற்றே, சாலை எல்லோருக்கும் உரியதாயிற்றே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையில் இதே வழக்கு எழுந்தது. 2023 ஏப்ரலில், உயர் நீதிமன்ற உத்தரவையொட்டிச் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டன. பிழைக்க வேறிடம் ஏது என்று மீனவ மக்கள் போராடினர். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது.

மதீனத்து வீதிகளில் அமர்ந்திருந்த தோழர்களை நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததும், தமக்கு வேறிடமில்லை என்று அவர்கள் முறையிட்டதும் ஹதீஸில் வந்துள்ளன. அண்ணலார் அம்முறையீட்டைத் தள்ளிவிடவில்லை. அப்படியாயின் வழிக்குரிய கடமையைச் செலுத்துங்கள் என்ற கருத்தில் வழிகாட்டி, பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவற்றை எடுத்துரைத்தார்கள். அமர்ந்திருப்பவன்மீதே இத்துணைக் கடமைகள் உண்டென்றால், வேடிக்கை பார்க்க வந்தவன்மீது எத்துணை இருத்தல் வேண்டும்! வழி பொதுவாக இருக்கலாம். அவ்வழியில் வாழும் மனிதனின் மானம் அவனுக்கே உரியது.

ஆகவே, குப்பத்தின் எல்லையில் வண்டியின் வேகத்தைக் குறைப்போம். எதிர்ப்படுவோரிடம் இன்சொல் கூறுவோம். படமெடுக்குமுன் கேட்போம், மறுத்தால் மனங்கோணாது நகர்வோம். விடியுமுன் கடலுக்குள் சென்று திரும்பியவரிடம் மீன் வாங்குகையில், ஐந்து பத்துக்காக நெடுநேரம் பேரம் பேசாதிருப்போம். காணும் கண்ணைத் தந்த வல்ல நாயன், அதற்குரிய நாணத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.