ரூபாய்க்கு எட்டணா

நொடித்துப் போனவனிடம் கோர்ட் ஒரு கேள்வி கேட்கிறது, பாங்க் வேறொரு கேள்வி கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே மனிதன் ஒரே பதிலைச் சொல்ல முடியாமல் போவதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். சொந்த விவகாரத்தை இந்தப் பக்கங்களில் கொண்டுவந்து கொட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அறம் என்ற சொல்லை நாம் அந்தரத்தில் வைத்துப் பேசிப் பேசியே தேய்த்துவிட்டோம். கையெழுத்து, வட்டி, ஜாமீன் என்கிற தளத்தில் அதை இறக்கிப் பார்க்க எனக்கு வாய்த்த அனுபவம் இது ஒன்றுதான்.

2006இல் பாங்க் கடனில் ஆஃப்செட் மிஷின் வாங்கி அச்சகம் போட்டேன். 2012இல் சப் கோர்ட்டில் ஐ.பி. கொடுத்தேன். ஊர்ப் பேச்சில் மஞ்சக் கடுதாசி. இலங்கைத் தமிழர் இதை வங்குரோத்து என்கிறார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். உடைந்த பலகை என்ற இத்தாலியப் பொருள் அதன் அடியில் கிடக்கிறது. பாங்க் என்ற சொல்லும் அதே பலகையிலிருந்து வந்ததுதான். பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்களை மொழி அவ்வளவாக வேறுபடுத்தவில்லை. நாம்தான் வேறுபடுத்திக்கொண்டோம்.

என் வரவில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட கைடு போடுகிறவர். இரண்டு வருஷ பாக்கியோடு ஒருநாள் ஊரைவிட்டுப் போய்விட்டார். பேப்பர்க்காரர்கள், மை சப்ளை செய்தவர், பாங்க் என்று வரிசையாக வந்தார்கள். மிஷினை பாங்க் எடுத்து ஏலம் விட்டது. அதற்குப் பிறகும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் மிச்சம் நின்றது. இவ்வளவுதான் நடந்தது. இதில் துன்பவியல் எதுவும் இல்லை. இதை நாவலாக்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

1920ஆம் வருஷத்து மாகாண இன்சால்வென்சி சட்டம் அணாக் கணக்கில் பேசுகிறது. ஜாமீனற்ற கடன்களில் ரூபாய்க்கு எட்டணாவாவது தேறும் அளவுக்குக் கடனாளியின் சொத்து இல்லையென்றால் கோர்ட் அவனுக்கு முழு விடுதலை தரக்கூடாது. ஆனால் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். அவன் பொறுப்பாக மாட்டாத சூழ்நிலைகளால் அப்படி ஆகியிருந்தால் தரலாம். என் சொத்து எட்டணா அல்ல, இரண்டணாகூடத் தேறாது. ஆகவே விலக்கில்தான் நுழைய வேண்டியிருந்தது. ஓடிப்போன ஆளைப் பற்றிச் சத்தியம் செய்து சொன்னேன். சொன்னதெல்லாம் நடந்தவையே. 2016இல் விடுதலை கிடைத்தது.

விடுதலை கிடைக்கும்வரை அந்தச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், தான் விடுதலையாகாத இன்சால்வென்ட் என்று கொடுப்பவனிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்கினால் ஆறு மாதம் வரை ஜெயில். ஐம்பது ரூபாய் இன்று இரண்டு காபிக்குப் போதாது. அந்த நான்கு வருஷமும் டீக்கடையில் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் தன்னைப் பற்றிய மிக மோசமான உண்மையை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டு உறவைத் தொடங்கு என்று கட்டளையிடும் வேறொரு சட்டம் எனக்குத் தெரியவில்லை. நம் இலக்கிய நட்புகளுக்கு இது பொருந்துமானால் சந்தா பாக்கிகளாவது குறையும்.

பாங்க் கட்டத்துக்கு வருகிறேன். 2021இல் மகளின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனேன். பெற்றோரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். மானேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். கம்ப்யூட்டரைத் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டு, ‘சார், முன்னாடி என்ன சார் ஆச்சு?’ என்றார்.

கோர்ட்டில் சொன்னதைச் சொன்னேன். சூழ்நிலை என்றேன். விடுதலை உத்தரவின் நகலையும் நீட்டினேன்.

‘சூழ்நிலைன்னா அது மறுபடியும் வரலாமே சார்.’

குத்திக்காட்டவில்லை, யோசித்துச் சொன்னார். அன்றிரவு முழுக்க அந்த வாக்கியத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. தர்க்கரீதியாக அதில் பிழையே இல்லை. குற்றமற்றவனிடம் திருந்துவதற்கு எதுவும் இல்லை. காற்று அடித்து விழுந்தவன் அடுத்த காற்றிலும் விழுவான். தன் தவறால் விழுந்தவனிடம்தான் ‘இனி செய்யமாட்டேன்’ என்ற வாக்கியத்துக்கு இடம் இருக்கிறது. கோர்ட் நான் நிரபராதி என்பதற்காக விடுதலை தந்தது. பாங்க்கின் கண்ணில் அந்த நிரபராதித்தனமே எனக்கு எதிரான சாட்சி. வருந்துகிற குற்றவாளி அவர்களுக்குத் தோதானவன். நாளை என்ன செய்வான் என்று அவனை வைத்துக் கணக்குப் போடலாம்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு லாரி டிரைவர் வருகிறான். தன் தவறு ஏதும் இல்லாமலே ஒரு குழந்தையின் மேல் வண்டியை ஏற்றிவிடுகிறவன். பக்கத்தில் நின்று பார்த்தவனுடைய வருத்தமும் டிரைவருடைய வருத்தமும் ஒன்றல்ல என்கிறார் வில்லியம்ஸ். அது சரி. ஆனால் அந்த டிரைவர் உண்மையிலேயே தவறு செய்யாதவன் என்று கதை சொல்பவர் நமக்கு முன்கூட்டியே உத்தரவாதம் தந்துவிடுகிறார். வாழ்க்கையில் அந்த உத்தரவாதத்தைத் தர ஆள் கிடையாது. டிரைவர்தான் சொல்லியாக வேண்டும், அதுவும் தன் லைசென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு.

என் விஷயத்தில் கோர்ட்டில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கைடு போட்டவர் என் மொழிபெயர்ப்பு ஒன்றைப் புத்தகமாகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் பாக்கியை அழுத்திக் கேட்கவில்லை. பேப்பர்க்காரர் இரண்டு தடவை எச்சரித்தார். என் பெயர் அட்டையில் வரப்போகிறது என்ற நினைப்பில் எனக்கு அது காதில் விழவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, ஆகவே நான் பொய் சொல்லவில்லை. இப்படி ஒரு சமாதானம் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தது.

மறுநாள் மானேஜரிடம் போய் இதைச் சொன்னேன். ஒரு ஸ்தாபனத்தின் முன் முழு உண்மையைப் பேசியது அதுவே முதல் தடவை. கடன் கிடைக்கும் என்பதற்காகப் பேசினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. லாபத்துக்காகச் சொல்லப்பட்டதால் உண்மை உண்மையில்லாமல் போய்விடுமா என்பதற்கு என்னிடம் இன்றுவரை தீர்மானமான பதில் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘இதையெல்லாம் சிஸ்டத்துல போட இடமில்ல சார். அந்தப் பழைய பாக்கியைக் கட்டி நோ ட்யூஸ் வாங்கிட்டு வந்துருங்க, பார்க்கலாம்’ என்றார்.

300லிருந்து 900 வரையிலான ஓர் எண். பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியார் இருக்கவேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. 2005ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் கடன் தகவல் கம்பெனிகள் விவரங்களைக் குறைந்தது 7 வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் மறந்துவிட்டதை அவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று நாம் புகார் சொல்கிறோம். என் ஆட்சேபம் அதுவல்ல. நினைவு வைக்கட்டும். ஆனால் அது யாருக்குப் பட்ட கடனின் நினைவு?

பாங்க்குகள் தம்மைப் பற்றி இவ்வளவு நினைவு வைத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அந்த இடிபாட்டிலிருந்து அடுத்த வருஷமே இந்தியன் பாங்க் எழுந்தது. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் பாங்க்கில் 2020 நவம்பர் 17ஆம் தேதி முதல் யாரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ஆனது. பத்தே நாளில் அது டி.பி.எஸ். பாங்க்கோடு இணைந்து, போர்டையும் மாற்றிக்கொண்டது. ஸ்தாபனம் நொடித்தால் பெயரை மாற்றிக்கொள்கிறது. பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். தனிமனிதனுக்குப் பெயரை மாற்றும் வசதி இல்லை. இதைச் சொல்லி ஆத்திரப்படுவது சுலபம், நானும் பட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆத்திரத்துக்குள் நான் ஒளிந்துகொண்டும் இருந்தேன்.

எனக்குப் பைண்டிங் செய்து வந்த பெரியவர் ஒருவர். கடைசி வருஷத்தில் ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாமல் நின்றபோது, மனைவியின் செயினை அடகு வைத்து அறுபதாயிரம் கைமாற்றாகக் கொடுத்தார். நோட்டு எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டதற்கு, கேட்டதே தப்பு என்பதுபோல் பார்த்தார். ஐ.பி. மனுவில் கடன்காரர் அத்தனை பேரையும் காட்ட வேண்டும். அவரையும் காட்டினேன். நோட்டீஸ் அவர் வீட்டுக்கும் போயிற்று. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ‘தம்பி, இதுல எம் பேரு இருக்கே, நான் எதும் தப்பு பண்ணிட்டனா?’ என்று கேட்டார். கோர்ட்டுக்கு அவர் வரவில்லை. மற்றவர்கள் கடனோடு அவர் கடனும் 2016இல் சட்டப்படி தீர்ந்தது.

ஜெர்மன் மொழியில் குற்றத்துக்கும் கடனுக்கும் வேர் ஒன்றே என்பதிலிருந்து நீட்ஷே ஒழுக்கத்தின் வம்சாவளியையே கட்டினார். தமிழில் கடன் என்ற சொல் குற்றத்தின் பக்கம் போகவில்லை, கடமையின் பக்கம் போயிற்று. இறந்தவர்களுக்குச் செய்வதும் கடன், பெற்றவர்களுக்குச் செய்வதும் கடன். இது நம் மரபின் ஆழம் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு யோக்யதை இல்லை. ஏனென்றால் 2021இல் பிழை திருத்தும் வேலையில் சேர்த்த ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்னிடம் இருந்தது. அதில் முதல் அறுபதாயிரம் பெரியவருக்கு என்று மனசுக்குள் ஒதுக்கியிருந்தேன். பாங்க்கின் ஒரு லட்சத்து எண்பதாயிரமும் சட்டப்படி தீர்ந்த கடன், அவருடைய அறுபதாயிரமும் தீர்ந்த கடன். இரண்டில் எதையும் நான் கட்டவேண்டிய கட்டாயம் கிடையாது. எனவே அது சுத்தமான அறத் தேர்வு. கோட்பாட்டாளர்கள் ஆசைப்பட்டுத் தேடும் வகை.

பாங்க்குக்குக் கட்டினேன். நோ ட்யூஸ் வாங்கினேன். மகளுக்குக் கடன் கிடைத்தது. தகப்பன் கடமை என்று அதற்குப் பெயர் வைக்கலாம். வைத்தும் பார்த்தேன். ஆனால் பெரியவருக்கு ஒரு எண் இருந்து, அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் என் கதவு ஒன்று மூடும் என்றிருந்தால் வரிசை எப்படி இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். என்னைப் பயமுறுத்தக்கூடிய நினைவுக்குப் பணம் கொடுத்தேன். பயமுறுத்தாத நினைவைக் காத்திருக்க வைத்தேன்.

பெரியவர் ஒருமுறை பேரனுக்காக பாங்க்கில் கடன் கேட்டிருக்கிறார். அவர் பெயரில் தகவலே இல்லையாம். அப்படிப்பட்டவர்களுக்கு அறிக்கையில் மைனஸ் ஒன்று என்று வருகிறது. என் எண் அவருடையதைவிட உயர்ந்தது.

இப்போது மாதாமாதம் இரண்டாயிரம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எட்டு மாதம் ஆயிற்று. எண்ணிப் பார்க்காமல் காலண்டருக்குப் பின்னால் செருகிவிடுகிறார். முதல் தடவை, ‘இது எதுக்குத் தம்பி, அதான் கோர்ட்டுலயே தீந்துபோச்சே’ என்றார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. மகள் எந்த வருஷம் படிக்கிறாள் என்று விசாரித்தார். சொன்னேன். இன்னும் இருபத்திரண்டு மாதம் இருக்கிறது.