கணக்கில் வராத தாய் எலிகள்

1995-இல் ஷாலட், பெரிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் ‘லிம்1’ மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். கருவில் உடல் வளர்ந்தது. தலையின் முன்பகுதி உருவாகவே இல்லை. பெரும்பாலான கருக்கள் பத்தாம் நாள் வாக்கில் இறந்தன. தலை உருவாவதற்கு இன்றியமையாத ஒரு மரபணு அப்படித்தான் தெரியவந்தது. மனிதக் கருவில் இதைச் செய்து பார்க்க யாரும் துணியமாட்டார்கள், துணியவும் கூடாது. நீக்கினால் உயிரே தங்காத மரபணுக்கள் சுண்டெலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவற்றில் பலவற்றுக்கு மனிதரின் பிறவி நோய்களோடு தொடர்பு உண்டு. சுண்டெலியில் இப்படி மரபணுவை மாற்றும் முறைக்கு வழிவகுத்த கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் பரிசு கிடைத்ததில் வியப்பில்லை.

இந்த ஆய்வு தகுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எல்லார் கண்ணும் அந்தத் தலையில்லாக் கருவின் மேல்தான் போகிறது. பத்து நாள் கருவுக்கு வலி தெரியும் என்று நம்ப ஆதாரம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் பாலூட்டிக் கருவுக்கு வளர்ச்சியின் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்துதான் பாதுகாப்பு தருகிறது. உண்மையான பாரம் வேறிடத்தில் இருக்கிறது.

இரவு ஆணோடு விட்ட பெண் எலியைக் காலையில் வால் தூக்கிப் பார்க்கிறார்கள். இணைந்த அடையாளம் தெரிந்தால் அன்று நண்பகல் கருவுக்கு அரை நாள் வயது. குறித்த நாளில் தாயைக் கொன்று, வயிற்றைத் திறந்து, கோத்த மணிகள்போல் கருக்கள் வரிசையாக இருக்கும் கருப்பையை எடுக்கிறார்கள். ஒவ்வொரு கருவின் சவ்விலிருந்தும் வெட்டிய ஒரு துணுக்கு மரபணு சோதனைக்குப் போகிறது. பெற்றோர் இருவரிடமும் அந்த மரபணுவின் பழுதுபட்ட படி ஒன்று வீதம் இருந்தால், தேடும் கரு சராசரியாக நாலில் ஒன்று. எட்டில் இரண்டுதான். சில உடன்பிறப்புகள் ஒப்பீட்டுக்கு ஆகும். இந்த மரபுவழி அற்றுப்போகாமல் இருக்க வளர்த்த குட்டிகளில் தேவையற்றவை கொல்லப்படும். இந்தத் தாய்க்கு வலி தெரியும், அச்சமும் தெரியும். ஆய்வுக் கட்டுரையிலோ கருக்களின் எண்ணிக்கை இருக்கும், தாய்களின் எண்ணிக்கை பெரும்பாலும் இராது.

2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆய்வில் பயன்பட்ட விலங்குகள் ஏறத்தாழ 94 லட்சம். வளர்த்து, எந்த ஆய்விலும் பயன்படாமலே கொல்லப்பட்டவை ஏறத்தாழ 1 கோடியே 26 லட்சம். அவற்றில் மிகப் பெரும்பான்மை சுண்டெலிகள்.

ஆய்வையே நிறுத்திவிடச் சொல்வது நேர்மையாகாது. பிறவிக் குறையோடு பிறக்கும் பிள்ளையின் துயரத்துக்கும் எடை உண்டு. ஆனால் அறிவின் பெயரால் உயிரை எடுப்பவருக்கு முழுக் கணக்கையும் சொல்லும் கடமை இருக்கிறது. அதில் பாதியை மறைத்துவிட்டு நியாயம் பேச முடியாது. கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறை வந்த பிறகு மரபணுவை நீக்குவது சில வாரங்களில் முடிகிற வேலையாகிவிட்டது. எளிதாகச் செய்ய முடிகிறது என்பதாலேயே செய்துவிடும் ஆபத்து இப்போது கூடுதல்.

விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் குழு சிலவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். எத்தனை தாய்கள்? எத்தனை பயன்படாத குட்டிகள்? இதே மரபுவழியின் விந்தோ கருவோ வேறு ஆய்வகத்தில் உறைநிலையில் இருக்கிறதா? தாய் இல்லாமலே விடை தேட முடியுமா? 2022-இல் கேம்பிரிட்ஜில் செர்னிக்கா-கோட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு முட்டையும் தாயும் இல்லாமல் குருத்தணுக்களிலிருந்தே எலிக் கருவின் மாதிரியை வளர்த்து, அதில் பாக்ஸ்6 மரபணுவை நீக்கி, மூளையில் எதிர்பார்த்த அதே குறையைக் கண்டது. அந்த மாதிரி எட்டரை நாள் வளர்ச்சி வரைதான் எட்டியது. அதற்குள் விடை கிடைக்கக்கூடிய கேள்விக்காக இனி ஒரு தாய் எலியைக் கொல்ல அனுமதி தரக் கூடாது.