நான்கு இடத்தில் திருத்தாதீர்கள்

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் 1982-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. 2010-இல் ஆரக்கிள் அதை வாங்கிவிட்டது. ஆனாலும் அதன் சின்னம் வரைகலைஞர்களுக்கு இன்றும் நல்ல பாடம். அதை உருவாக்கியவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் வான் பிராட். சின்னத்தை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் 'சன்' என்ற ஆங்கிலச் சொல்லைப் படிக்கலாம்.

உற்றுப் பார்த்தால் அதில் மூன்று எழுத்துகள் இல்லை. 'யு' வடிவம் ஒன்றுதான் இருக்கிறது. தலைகீழாக்கினால் அதுவே 'என்'. அந்த ஜோடியைக் கால்வட்டம் திருப்பினால் 'எஸ்'.

இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளில் இதை வரைபவர் நான்கு பக்கத்தையும் வரைய வேண்டியதில்லை. ஒரு ஜோடி போதும். அதை ஒருமுறை சொடுக்கினால் அளவு மாற்றும் அம்புகள் வரும். இன்னொரு முறை சொடுக்கினால் சுழற்றும் அம்புகளும், நடுவில் ஒரு சிறு கூட்டல் குறியும் தெரியும். அந்தக் குறிதான் சுழல் மையம். அதைச் சின்னத்தின் நடுப்புள்ளிக்கு இழுத்து வைத்து, 90, 180, 270 டிகிரிகளில் மூன்று குளோன்கள் போட்டால் வேலை முடிந்தது.

நகல் வேறு, குளோன் வேறு. நகல் எடுத்த கணமே தனியாகிவிடும். குளோன் மூலத்தை விட்டு விலகாது. மூலத்தில் கோட்டைத் தடிப்பாக்கினால் நான்கு இடத்திலும் கோடு தடிக்கும்.

இப்படி வரைந்தது சரியாக அமையவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டே. ஒன்று, முதல் துண்டு, அதாவது நாம் வரைந்த ஜோடி. அதிலுள்ள பிழை நான்காகப் பெருகியிருக்கும், கண்டுபிடிப்பது எளிது. மற்றொன்று, மையம். ஏமாற்றுவது இதுதான். துண்டுகளைத் தனித்தனியே பார்த்தால் ஒரு குறையும் இராது. சேர்ந்து நிற்கும்போது நடுவில் இடைவெளி விழும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

அன்றாட வேலைகளிலும் நாம் நான்கு இடத்தில்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம். அலுவலகக் கடிதத்தின் மாதிரிப் படிவத்தில் பழைய முகவரி இருக்கும். அதைத் திறந்து மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அச்செடுத்த ஒவ்வொரு தாளிலும் பேனாவால் அடித்து எழுதுவோம். இது முதல் துண்டின் பிழை. குடியிருப்போர் சங்கக் கூட்டம் மாதாமாதம் சச்சரவில் முடியும். வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களே. எதற்காகக் கூடுகிறோம் என்பதுதான் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். இது மையத்தின் பிழை. யாரைத் திருத்தியும் தீராது.

திரும்பத் திரும்ப வரும் தொல்லை ஒன்றை இன்று எடுத்துக்கொள்ளுங்கள். வந்த இடத்தில் துடைக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: முதல் துண்டு சரியா? மையம் சரியா?